தென்னை உச்சியில் பண்டிதர்

நெய்தலங்குறிச்சியை ஆண்ட பராங்குச ராயருக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது புரியாதபடி பேசினால், உடனே அவரைப் பெரிய அறிஞர் என்று நம்பிவிடுவார்.

அப்படித்தான் சர்வோத்தம பண்டிதர் அரண்மனைக்குள் நுழைந்தார். நல்ல கனத்த உடம்பு. அதைவிடக் கனத்த பேச்சு.

"மகாராஜா! தேங்காய்க்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் கண்டுபிடிக்கப் போகிறேன்."

"எப்படி?"

"மர உச்சியில் உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீர் உள்ளே போகிற சமயத்தில் கையும் களவுமாகப் பிடிப்பேன். ஒரு வருஷம் ஆகலாம். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவனாவது காயைப் பறித்துவிட்டால்? ஆகையால் ஆராய்ச்சி முடியும்வரை தென்னையை யாரும் தொடக்கூடாது."

ராயர் சிலிர்த்துப் போனார். மந்திரி மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"என் நாட்டில் தென்னையின் ஒரு நாரைக்கூட யாரும் தொடக்கூடாது. பண்டிதர் தன் வாயால் 'முடிந்தது' என்று சொல்லும்வரை இதுதான் கட்டளை. நானே வந்து கேட்டாலும் தளர்த்தாதே. தளர்த்தினால் உன் தலை இருக்காது."

"அரண்மனையும் தங்கள் நாட்டில்தானே இருக்கிறது, மகாராஜா?"

"இதென்ன கேள்வி? இருக்கிறது."

"கேட்டு வைத்துக்கொண்டேன்" என்றார் மாசிலாமணி.

அன்று மாலை, கயிறு திரிக்கும் பெண்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் பூரணத்தம்மாள்.

"மந்திரி ஐயா, நார் அடிச்சாத்தான் எங்க வீட்டுல உலை கொதிக்கும். அந்த மனுஷன் மரத்துமேல குந்திக்கிட்டு இருக்க, நாங்க ஒரு வருஷம் காத்தைக் குடிக்கிறதா?"

"ஒரு நாள் பொறுத்துக்கொள், தாயே. நாளைக்கு அரண்மனைக்குப் போகிறேன்."

மறுநாள் விடிந்ததும், நந்தவனக் கிணற்றடியில் நின்ற உயரமான தென்னையில் பண்டிதரை ஏற்றினார்கள். பலகையில் உட்காரவைத்து, தென்னங்கயிறு கட்டி, எட்டுப் பேர் மூச்சு வாங்க இழுத்தார்கள். அவர் உச்சியில் போய் அமர்ந்ததும் மாசிலாமணி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டச் சொன்னார்.

"கட்டளை இப்போது அமலுக்கு வருகிறது" என்றார்.

ராயர் எழுந்து வந்தபோது முற்றம் குப்பையாகக் கிடந்தது.

"பெருக்கவில்லையா?"

"துடைப்பம் தென்னை ஈர்க்கு, மகாராஜா" என்றான் பணியாள்.

ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வரவில்லை. ராயர் வெறும் ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து விழுங்கினார். ஆராய்ச்சிக்காக என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அன்று அவருக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் என்பதால் தடையில்லை. கிணற்றடியில் உட்கார்ந்தார். இருந்த ஒரு குடம் தண்ணீர் தலையை நனைக்கவே சரியாகப் போயிற்று. பணியாள் சீயக்காயை அள்ளித் தேய்த்தான். நுரை கண்ணுக்குள் இறங்கியது.

"ஐயோ! தண்ணீர்! தண்ணீர் ஊற்றடா!"

"குடம் இருக்கிறது, மகாராஜா. கிணற்றுக் கயிற்றைக் காணோம்."

"மாசிலாமணி!"

"இங்கேதான் நிற்கிறேன், மகாராஜா. கிணற்றுக் கயிறு தென்னை நார். ஒரு நாரைக்கூடத் தொடக்கூடாது என்பது கட்டளை."

"நான் சொல்கிறேன், தொடு!"

"தாங்களே வந்து கேட்டாலும் தளர்த்தக்கூடாது என்றீர்கள். எனக்கு இருப்பது ஒரே தலை."

"என் கண் எரிகிறதே! யாரைத்தான் கேட்க வேண்டும்?"

"பண்டிதரை. தலைக்கு மேலேதான் இருக்கிறார்."

ராயர் கண்ணை மூடிக்கொண்டே அண்ணாந்தார். "பண்டிதரே! ஆராய்ச்சி முடிந்ததா?"

மேலிருந்து கம்பீரமான குரல் வந்தது. "என்ன அவசரம் மகாராஜா? இன்னும் ஒரு வருஷம் பிடிக்கும்!"

"நல்லது பண்டிதரே" என்று மாசிலாமணி குரல் கொடுத்தார். "அதுவரைக்கும் அங்கேயே இருங்கள். தங்களை ஏற்றிய கயிறும் தென்னங்கயிறுதான். எடுத்துப் பூட்டியாயிற்று."

மேலே ஓலைகள் சலசலத்தன. கம்பீரம் குறைந்த குரல் வந்தது.

"பனைநாரில் ஏதாவது..."

"தங்கள் எடையைத் தாங்காது, பண்டிதரே."

"யாராவது ஏறி வந்து தூக்கி..."

"தென்னையைத் தொடக்கூடாதே!"

காற்று கொஞ்சம் பலமாக வீசியது. மரம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"முடிந்தது! முடிந்தது! ஆராய்ச்சி முடிந்தது!" என்று அலறல் கேட்டது.

"அப்படியா?" ராயருக்கு அந்த எரிச்சலிலும் ஆவல் விடவில்லை. "தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?"

"அது எப்படிப் போனால் எனக்கென்ன, மகாராஜா? நான் எப்படிக் கீழே வருவது?"

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் சீயக்காய் வாய்க்குள்ளும் போயிற்று. துப்பிக்கொண்டே தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரி நின்ற திசையில் நீட்டினார். அது பணியாளின் கைக்குப் போய், அங்கிருந்து மாசிலாமணிக்கு வந்தது.

"கட்டளை ரத்து! கயிறு திரிக்கிறவர்களை வேலைக்குப் போகச் சொல். எங்கே கயிறு?"

காவலன் ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"மகாராஜா, இதை முதலில் குடத்துக்குக் கட்டவா, பண்டிதருக்குக் கட்டவா?"

"பண்டிதருக்கு!" என்றது மரம்.

"குடத்துக்கு!" என்றார் ராயர்.