நாலாவது கேமரா

சேவுகன் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். மனைவி இறந்த பிறகு கடையை மூடினார். நான்கு கேமராக்களையும் ஒரு கம்ப்யூட்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பிரான்மலைப் பக்கம் உமையாள் நடத்திவந்த சிறிய ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். உமையாள் அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் சேவுகன் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உமையாள் பேசுவார். யாராவது கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு கதைதான் பதிலாக வரும்.

முன் வரிசையில், இடது ஓரத் தூணை ஒட்டி, வள்ளிநாயகம் உட்கார்ந்திருப்பார். திருநெல்வேலிக்காரர். ஆசிரமத்துக்குக் கூரை போடும் முன்பே வந்தவர். சேவுகன் வந்த புதிதில் யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடந்தார். அப்போது சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தவர் வள்ளிநாயகம்தான்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. மகன் வந்து அவரையும் மனைவி கோமதியையும் மும்பைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

ஒரு நாள் அங்கிருந்து போன் வந்தது.

"சேவுகா, ஞாயித்துக்கிழமை அம்மா பேசுறதை ஒருக்க பாக்கணும்வே. ஒம்ம போன்ல காட்டினாக்கூடப் போதும்."

"போன்லயா? அது ஆடிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க. நீங்க இங்க உக்காந்து பாக்கற மாதிரியே காட்டுறேன்."

சொன்னதை மனதாரச் சொன்னார். அன்று மாலையே இடம் பார்த்தார். அம்மாவின் முகத்துக்கு ஒரு கேமரா. பேசும்போது அசையும் கைகளுக்கு ஒன்று. கேட்பவர்களுக்கு ஒன்று. நாலாவதை இடது ஓரத் தூணருகே, வள்ளிநாயகம் உட்காரும் உயரத்தில் நிறுத்தினார்.

கேமராக்கள் இருந்தன. கம்ப்யூட்டர் இருந்தது. கேமராவில் விழும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் கேப்சர் கார்டுதான் இல்லை. நாலு கேமராவும் ஒன்றாகச் சேரும் கார்டு ஒன்று வாங்குவதா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாலு வாங்குவதா? ஒரே கார்டு என்றால் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பொருத்த வேண்டும். தனித்தனி என்றால் வெளியிலிருந்து செருகிவிடலாம், ஆனால் நாலும் சேர்ந்தால் படம் திக்கும் என்றார்கள். கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு பதில் வந்தது.

உமையாளிடம் போனார்.

"அம்மா, எந்தக் கார்டு வாங்கறதுன்னு பிடிபடல."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே. அண்ணாச்சி என்ன கேட்டார்?"

"உங்களைப் பாக்கணும்னார்."

"காட்டுங்க."

"காட்டத்தாம்மா போறேன். அதுக்குத்தான் இத்தனையும்."

உமையாள் அவரையே பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

சேவுகன் தனித்தனிக் கார்டுகளை வரவழைத்தார். முதல் கேமராவின் படம் திரையில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் கொஞ்சம் திணறி வந்துவிட்டது. நாலாவதைச் செருகினால் திரையில் அதற்கான கட்டம் மட்டும் கருப்பாக நின்றது. வயரை மாற்றினார், இடத்தை மாற்றினார், எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செருகினார். கருப்பு போகவில்லை.

வள்ளிநாயகம் மறுபடி கூப்பிட்டார். குரல் இளைத்திருந்தது.

"நம்ம விஷயம் என்னாச்சுவே?"

"மூணு கேமரா வந்துருச்சு அண்ணாச்சி. ஒண்ணுதான் மக்கர் பண்ணுது."

"மூணு எதுக்கு? எனக்கு ஒண்ணு போதும்வே."

"அந்த நாலாவதுதான் அண்ணாச்சி முக்கியம். அது உங்க இடத்துல இருந்து பாக்கறது."

 "எம் இடத்துல வச்சிருக்கீரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"சரிவே. நீரு சொன்னாச் சரி."

சேவுகன் அந்தக் கார்டுகளைத் திருப்பி அனுப்பினார். நாலும் ஒன்றாகச் சேரும் பெரிய கார்டை வரவழைத்தார். அது அவர் கம்ப்யூட்டருக்குள் உட்காரவில்லை. கார்டைச் செருக இருந்த பள்ளம் சின்னது, கார்டின் பல்வரிசை நீளம். மதுரைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். "உள்ளே மதர்போர்டையே மாத்தணும் சார்" என்றார் கடைக்காரர். மாற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

கம்ப்யூட்டர் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியவரை உமையாள் வாசலில் பார்த்தார்.

"இன்னும் முடியலையா?"

"அடுத்த ஞாயிறு முடிஞ்சிரும்மா."

உமையாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேவுகன் நின்றார்.

"ஒண்ணுமில்ல. களைச்சுப்போய் வந்திருக்கீங்க. சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் மதுரையிலிருந்து திரும்பி வந்தது; கார்டு பொருந்தியது. சேவுகன் கேமராக்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மும்பை எண். எடுக்கவில்லை. அண்ணாச்சி கேட்பார், பாதி வேலையில் என்ன சொல்வது? முடித்துவிட்டு நல்ல சேதியோடு நாமே கூப்பிடலாம் என்று நினைத்தார். போன் மறுபடி அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் நாலு கட்டங்களிலும் படம் வந்தது. ஒன்றுகூடத் திக்கவில்லை. நாலாவது கட்டத்தில், தூணின் ஓரம் லேசாகத் தெரிய, உமையாளின் வெறும் இருக்கை. சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கான இணைப்பை மும்பை எண்ணுக்கு அனுப்பினார். கூப்பிடவில்லை. திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. உமையாள் பேசினார். சேவுகன் முகத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து கூட்டத்துக்கும், கூட்டத்திலிருந்து தூணருகே இருந்த கேமராவுக்கும் படத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் எதையும் எடுத்ததில்லை. திரையின் மூலையில், பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் இடத்தில், கடைசிவரை பூஜ்யம்தான் இருந்தது.

பேச்சு முடிந்ததும் கூப்பிட்டார். மகன் எடுத்தான்.

"அப்பா வெள்ளிக்கிழமை தவறிட்டாங்க மாமா. ஒங்களுக்குத்தான் மொதல்ல கூப்பிட்டேன்."

சேவுகன் நாலு கட்டங்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு எழுந்து உமையாளிடம் போய்ச் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டார்.

"அம்மா, நான் எந்தக் கார்டை வாங்கியிருக்கணும்?"



"மும்பைக்குக் கூப்பிடுங்க. கோமதியம்மா முகம் தெரியற மாதிரி" என்றார் உமையாள்.

"இங்கயா? உங்களுக்குப் பின்னால ஜன்னல் இருக்கும்மா. முகம் இருட்டா விழும்."

"கூப்பிடுங்க, சேவுகன்."

கூப்பிட்டார். போனை உமையாளின் முகத்துக்கு நேரே பிடித்தார். வள்ளிநாயகத்தின் மனைவி கோமதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு, அம்மாவா? மெலிஞ்சுட்டியளே."

"கோமதியம்மா..." என்றார் உமையாள். 

"அவுக ஒங்களைப் பாக்கணும்னுதான் கெடந்தாவ. 'இன்னைக்கி ஞாயித்துக்கெழமையா, இன்னைக்கி ஞாயித்துக்கெழமையா'ன்னு தெனமும் கேப்பாவ. கண்ணாடியத் தொடச்சுத் தலமாட்டுலயே வச்சிருந்தாவ. 'சேவுகன் எம் எடத்துல கேமரா வச்சிருக்கான்'னு நர்சுகிட்டகூடச் சொன்னாவ."

சேவுகன் கையிலிருந்த போனில் படம் ஆடியது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோமதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வச்சிருதேன் அம்மா. ஒங்க மொகத்தைப் பாத்ததே போதும்."

போன் அணைந்தது. சேவுகன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.  "போனைத் தூக்கிக் காட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். ஏம்மா சொல்லல?"

உமையாள் தலை நிமிரவில்லை.

"நீங்க வந்து நின்ன ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் நினைச்சேன், சேவுகன். உங்க மனசு நோகாம, நீங்களா புரிஞ்சுக்கிற மாதிரி, ஒரு நல்ல கதையாத் தேடிக்கிட்டு இருந்தேன்."