இருபது வண்டியும் நலமே

வெண்ணி என்ற பெண் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதற்காக எல்லாரும் பார்க்க அவள் கையிலிருந்த கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலைப் பிடுங்கி, கடைசி வண்டிக்குப் பின்னால் புழுதியில் நடக்கவிட்டான் அவள் போன வண்டிக் கூட்டத்தின் தலைவன். நடந்த அநியாயம் இதுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பிறகு யாரும் வழவழவென்று பேச வேண்டியதில்லை பாருங்கள்.

கடற்கரை உப்பு மாட்டு வண்டியேறி மலைநாட்டுக்குப் போன காலம் அது. இருபது வண்டிகள் ஒரே கூட்டமாகப் புறப்படும். வண்டிக்காரர்களோடு மனைவி, மக்கள், அடுப்பு, கோழி எல்லாம் கூடவே போகும். அந்தக் கூட்டத்தில் வெண்ணிக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் மாடு பூட்டும் முன் ஒவ்வொரு வண்டியின் அச்சையும் கொட்டாப்புளியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். நல்ல மரம் கணீரென்று பேசும். விரிசல் விட்ட மரம் சளி பிடித்தவன் மாதிரி இருமும்.

முன்பு தித்தன் தலைவராக இருந்தபோது, தினமும் காலையில் தன் வண்டியின் குறையைத்தான் முதலில் சொல்வார். "என் இடப்பக்கத்து மாடு நொண்டுகிறது, நேற்றே நான் கவனித்திருக்க வேண்டும்" என்பார். தலைவரே சொல்லும்போது நமக்கென்ன வெட்கம் என்று மற்றவர்களும் சொல்வார்கள். லாடம் மாற்றுவார்கள், அச்சு மாற்றுவார்கள், அப்புறம்தான் பயணம்.

தித்தன் காலமானார். நெடுங்கீரன் தலைவனானான்.

நெடுங்கீரனுக்குப் பேச்சு தேன். வந்ததும் ஒரு கொடி தைக்கச் சொன்னான். அதில் மூன்று வாக்கியங்கள். உண்மை பேசு. ஒன்றாக நில். ஒருவரையும் கைவிடாதே. தினமும் காலையில் கொடியின் கீழ் நின்று எல்லாரும் அதை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு அவன் "நலமா?" என்பான். இருபது வண்டியும் "நலமே" என்று கத்த வேண்டும். குறை கேட்கிற வழக்கம் அதோடு போயிற்று. கொடி அழகாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

அவன் தலைமையில் முதல் பயணம். மற்றக் கூட்டங்களுக்கு முன்னால் மலைச் சந்தையில் போய் நிற்க வேண்டும் என்று அவனுக்கு அவசரம். ஓர் அச்சு மாற்ற அரை நாள் ஆகும்.

மூன்றாம் நாள் காலை வெண்ணி தன் தம்பி கொற்றனின் வண்டியைத் தட்டினாள். அச்சு இருமியது. அந்த வண்டியின் உப்பு மூட்டைகள் மேல்தான் கொற்றனின் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும் உட்கார்ந்து வந்தார்கள். வெண்ணி ஓடிப் போய்ச் சொன்னாள். வெயில் ஏறினால் மரத்தின் சளி போய்விடும் என்று நெடுங்கீரன் சிரித்தான்.

நான்காம் நாள் மூன்று அச்சுகள் இருமின. மறுபடி போய்ச் சொன்னாள். அவன் அவளைத் தனியே அழைத்து, எல்லாரும் உற்சாகமாக இருக்கிறார்கள், அதைக் கெடுத்துவிடாதே என்று இனிமையாகச் சொல்லி அனுப்பினான்.

ஐந்தாம் நாள் ஏழு. கொடியின் கீழ் அவன் "நலமா?" என்று கேட்டபோது, வெண்ணி எல்லாருக்கும் கேட்கும்படி, "இல்லை ஐயா. ஏழு வண்டியில் அச்சு விரிசல் விட்டிருக்கிறது" என்றாள்.

"உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்றான் நெடுங்கீரன். "ஒன்றாக நிற்கத் தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை?" கொட்டாப்புளியைப் பிடுங்கிக்கொண்டான். உண்மை பேசு என்று எழுதிய துணி அவன் தலைக்கு மேலேயே படபடத்தது!

அங்கே நின்ற இத்தனை பேரில் ஒருவர் வாய் திறந்தாரா? இல்லை. கொற்றன்கூடத் தரையைப் பார்த்தான். மத்தியானமே கேலி தொடங்கிவிட்டது. "அக்கா, என் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் தட்டிப் பாரேன்" என்றான் ஒருவன். விரிசல் விட்ட அச்சு முனகினால் அது வெளியே கேட்காதபடி எண்ணெய் பூச எல்லாரும் பழகிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் கணவாய் இறக்கம் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். கொற்றனின் வண்டி முதலில் நின்றது. நெடுங்கீரன் இறக்கத்தின் தலையில் நின்று கேட்டான். மாடு? நலமே. கயிறு? நலமே. அச்சு?

"நலமே" என்றான் கொற்றன்.

பின்னாலிருந்து வெண்ணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கொற்றன் குனிந்து அவள் காதோரம் சொன்னான்: "பேசாமல் இரு அக்கா. உனக்கு நடந்தது எனக்கும் நடக்க வேண்டுமா?"

அவள் அவனோடு வாதாடவில்லை. தம்பி மனைவியிடம் கை நீட்டினாள். "குழந்தையைக் கொடு. நீயும் இறங்கு."

யாரும் இறங்கக் கூடாது, மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று நெடுங்கீரன் அதட்டினான். அதற்குள் குழந்தை வெண்ணியின் தோளில். அவள் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் வண்டியில் போவாள்? அவளும் குதித்து இறங்கினாள்.

வண்டி புறப்பட்டது. இரண்டாம் வளைவில் அச்சு முறிந்தது. கொற்றன் பாய்ந்து ஒரு வேரைப் பிடித்துத் தொங்கி உயிர் தப்பினான். வண்டியும் இரண்டு மாடுகளும் பாதாளத்தில் விழுந்தன. வெகுநேரம் வரை அங்கே உப்புத் தூசி வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது.

அப்போது யாரும் கட்டளையிடவில்லை. ஆறு வண்டிக்காரர்கள் தாங்களாகவே நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்த்தார்கள்.

நெடுங்கீரன் திரும்பிப் பார்த்தான். அவிழ்த்த வண்டிகளை எண்ணினான், விழுந்ததோடு சேர்த்து ஏழு. உங்கள் அத்தனை பேருக்கும் தெரியுமா என்று கேட்டான். அவர்கள் மாட்டின் குளம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் கொட்டாப்புளியை எடுத்துவந்து வெண்ணியிடம் நீட்டினான். "உண்மை பேசு என்று தினமும் சொல்லிக்கொடுத்தேனே. உன்னைத் தவிர ஏன் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை?"

வெண்ணி அதை வாங்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தினமும் சொல்லச் சொன்னீர்கள் ஐயா, நாங்களும் சொன்னோம். சொன்னபடி நடந்தவளை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு காலையில் இருபது வண்டியும் பார்த்தது. உண்மை சொன்னவரைத் தலைவன் எப்படி நடத்துகிறானோ, அப்படித்தான் அவன் கூட்டம் நடக்கும்."