பெயர் நீக்கிய பட்டியல்

“பேரை எடுத்தாச்சு. முகவரியை எடுத்தாச்சு. செல்போன் நம்பரையும் எடுத்தாச்சு. இன்னும் என்ன பயம் மேடம்?” என்று கேட்டார் தனுஷ்கோடி.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அரசுத் தரவுகளை மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கும் வேலையை, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

மெஹருன்னிசா அவர் அனுப்பிய பட்டியலைத் தன் கணினியில் திறந்தார்.

“குழந்தைகளோட தடுப்பூசி விவரம்தானே? எந்த ஊர்ல ஊசி சரியாப் போடலைன்னு ஜனங்க தெரிஞ்சுக்கட்டுமே. காலையிலேயே இணையதளத்துல ஏத்திட்டேன்.”

மெஹருன்னிசாவின் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இங்க உட்காருங்க சார். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தை. பிறந்த தேதி, பிறந்த ஊர். அதை மட்டும் போட்டுத் தேடுங்க.”

தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே தன் பேரக்குழந்தைகளின் பிறந்த தேதியையும் ஊரையும் தட்டினார்.

இரண்டே வரிகள் வந்தன. இரட்டையர். ஒரு ஆண், ஒரு பெண்.

ஊசி போட்ட இடம்: வெள்ளிமலைப்பட்டி துணை சுகாதார நிலையம்.

அடுத்த ஊசி: வரும் புதன்கிழமை.

சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன சார்?”

“என் மக… கையை உடைச்ச புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சுப் போனவ. எங்க இருக்கான்னு எனக்கே சொல்லலை. அவன் வந்து மிரட்டினா நான் உளறிடுவேன்னு பயந்தா.”

“அவன் வந்தானா?”

“போன மாசம் வந்தான். வாசல்ல நின்னு, எங்க ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிப்பேன்னான்.”

“பிள்ளைங்க பிறந்த தேதி அவனுக்குத் தெரியுமா?”

தனுஷ்கோடி உடனே பட்டியலை இணையதளத்திலிருந்து நீக்கினார்.

திரையில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. இதுவரை பதிவிறக்கியவர்கள்: பதினொரு பேர்.

“யார் மேடம் இந்தப் பதினொரு பேர்?”

“தெரியாது சார். எடுக்கிறவங்க பேரை நாம கேட்கிறதில்லை.”

தனுஷ்கோடி மகளைச் செல்போனில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டாகிவிட்டது. மறுபடி அழைத்தார். இந்த முறை எடுத்தாள்.

“அம்மாடி, புதன்கிழமை ஊசி போடப் போகாதே. வெள்ளிமலைப்பட்டியை விட்டு இப்பவே கிளம்பு.”



“அப்பா… நான் இங்க இருக்கேன்னு யாருப்பா சொன்னா?”

“நான்தாம்மா” என்றார்.