சேரர் காசு மட்டும்

“எதை வெச்சுக்கறது, எதை விக்கறது? நீங்களே சொல்லிருங்க டீச்சர்” என்றார் நாச்சிமுத்து.

கேட்டவருக்கு அறுபது தாண்டியாயிற்று. கேட்கப்பட்டவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கரூரில் பழங்காசு சேர்க்கிறவர்களுக்குள் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தும் கோகிலவாணியை நரைத்த தலைகளும் டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஒரு காசை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினார் என்றால், அது எந்த அரசன் அடித்தது, எந்தத் திருடன் வார்த்தது என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

நாச்சிமுத்து பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். வசதிக்குக் குறைவில்லை. அதுவே அவருக்குத் தொல்லையாகப் போயிற்று. காசு என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கிப் போட்டார். பீரோ நிறைந்தது, பிறகு கட்டிலுக்கடியும் நிறைந்தது. இப்போது திடீரென்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனிமேல் சேரர் காசு மட்டும். மற்றதெல்லாம் விலைக்கு. வாங்குவதற்காகப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, நாச்சிமுத்து வீட்டு ஹாலில் இரண்டாவது காப்பியும் குடித்து முடித்திருந்தார். சாயங்கால ரயிலுக்கு அந்த மனிதர் கிளம்பியாக வேண்டும்.

அதனால்தான் இந்த ஓட்டம். காரிலிருந்து இறக்கிய பெட்டிகளை டீச்சர் வீட்டுப் பின்வாசலில் நாச்சிமுத்துவே வரிசையாக அடுக்கிவைத்து, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் அங்கே விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். அகலமான பேசின் நிறையக் கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீர். பக்கத்தில் பித்தளைக் குடமும் தாம்பாளமும் முறை வருவதற்காகக் காத்திருந்தன.

“சேரர் காசு மட்டும்னு முடிவு பண்ணிட்டீங்களே. அப்புறம் எங்கிட்ட என்னங்ண்ணா கேள்வி?”

“முடிவு பண்ணிட்டனுங்க. பெட்டியைத் தெறந்தா கை வர மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா மனசு அடங்கிரும்.”

“எல்லாத்தையும் வெச்சுக்குங்கன்னு சொன்னா?”

“அது முடியாதுங்க.”

“ஏனுங்க?”

நாச்சிமுத்து பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். “எல்லாம் வெச்சிருக்கறவன் கத்துக்குட்டிங்க. ஒரே வம்சத்தைப் புடிச்சு ஆழமாப் போறவனைத்தான் நம்ம காசுக் கூட்டத்துல மதிக்கறாங்க. நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“சொல்லியிருக்கேன்” என்றார் டீச்சர். “மொதப் பொட்டியை இப்படித் தள்ளுங்க.”

தள்ளினார். டீச்சர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு காசை எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துக் காலணா. அதைப் பேசினுக்கு நேராகப் பிடித்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“உங்களுக்கு வேணுங்கற காசுன்னா ‘நிறுத்துங்க’ன்னு சொல்லுங்க. சொல்லாட்டி உள்ள போட்டுருவேன்.”

டீச்சர் விளையாடுகிறார் என்று நினைத்து நாச்சிமுத்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் காசு புளித்தண்ணீரில் விழுந்துவிட்டது.

காசு சேர்க்கிறவர்கள் வீட்டில் எது நடந்தாலும் நடக்கும், காசைக் கழுவுவது மட்டும் நடக்காது. காலம் காலமாக மண்ணும் காற்றும் கைபட்ட பிசுக்கும் சேர்ந்து செம்பின்மேல் கறுப்பாக ஒரு தோல் படிந்திருக்கும். களிம்பு என்பார்கள். அந்தத் தோல் இருக்கிறவரைக்கும்தான் காசுக்கு வயது உண்டு, மரியாதை உண்டு. புளி பட்டால் தோல் உரிந்து, காசு நேற்றுப் பட்டறையில் வெட்டிய தகடு மாதிரி சிவந்து நிற்கும். பிறகு எந்தச் சாமி வந்தாலும் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியாது. இந்தப் பாடத்தை நாச்சிமுத்துவுக்குச் சொல்லிக் கொடுத்தவரே டீச்சர்தான்.

“டீச்சர்!” என்று அலறிவிட்டார். பேசினுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தபோது காலணாவின் ஒரு ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது.

“விக்கறதுன்னா கெடுக்கணுமுங்களா?”

“வித்ததுக்கப்புறம் பெங்களூர்க்காரர் கழுவுனா நீங்க போய்த் தடுப்பீங்களா?”

நாச்சிமுத்து காலணாவை வேட்டி நுனியில் ஒற்றி எடுத்தார்.

டீச்சர் அடுத்ததை எடுத்தார். சோழர் செம்புக்காசு. கை பேசின்மேல் போவதற்குள் “நிறுத்துங்க” என்றார் நாச்சிமுத்து. அடுத்து நாயக்கர் காசு. “நிறுத்துங்க.” டச்சுக்காரன் காசு. “நிறுத்துங்க.” புதுக்கோட்டை அம்மன் காசு, எந்தக் கடையிலும் அள்ளித் தருவார்கள். அதற்கும் “நிறுத்துங்க” என்றார். அவர் குரல் ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறிக்கொண்டே போயிற்று. அக்குள் இரண்டும் நனைந்துவிட்டன. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்றும் கழியாமல் மூடின.

சட்டைப்பையில் போன் அடித்தது. பெங்களூர்க்காரர்.

“இதோ வந்துட்டனுங்க சார். கொஞ்சம் பொறுங்க. அம்மணிகிட்டச் சொல்லி இன்னொரு காப்பி வாங்கிக் குடிங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே ஒரு காலணாவைத்தான் விட்டீங்க, அதுவும் நான் நெசமாப் போடுவேன்னு தெரியாம. உங்களுக்கு எதையும் விக்க இஷ்டமில்லீங்ண்ணா. அந்தாளை ரயிலேத்தி அனுப்பீட்டு நிம்மதியாத் தூங்குங்க.”

“இல்லீங்க. வித்தே ஆகணும்.”

குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவருக்கே சங்கடமாக இருந்தது.

“ஏன் ஆகணும்?”

“ஆகணுமுங்க. அவ்வளவுதான்.”

கடைசியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா பாக்கியிருந்தது. மற்றவை எல்லாம் வெல்வெட் விரித்த மரப்பெட்டிகள். இது மிட்டாய்க் கடை டப்பா. டீச்சர் கை அதன் பக்கம் போனதும் நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

“அது வெறும் சில்லறைங்க. ஒண்ணொண்ணாப் பாக்க வேண்டாம். அப்படியே கொட்டிருங்க.”

டீச்சரின் கை டப்பாவின்மேல் நின்றது.

“அம்மன் காசுக்கே நிறுத்துன்னீங்களே.”

“இது செல்லாததுங்க. தேஞ்சது, ஒடைஞ்சது. கொட்டுங்க.”

“தெறந்து பாக்கறதுக்குள்ளயா?”

“எனக்குத் தெரியாதுங்களா? கொட்டுங்கன்னா கொட்டுங்க டீச்சர், நேரமாகுது.”

டீச்சர் மூடியைத் திறந்தார். மேலாக நாலைந்து தேய்ந்த காசுகள், அடியில் மடித்த பஞ்சு. சில்லறைக்கு எதற்குப் பஞ்சு? அதை விரித்தார். சதுரமான ஒரு செம்புக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். பஞ்சுக்கு நடுவில் பளபளவென்று சிவந்து கிடந்தது.

“சேரர் காசு” என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து எங்கேயோ பார்த்தார்.

“சேரர் காசு மட்டும் விக்கறதில்லைன்னீங்களே. இது எப்படி விக்கற டப்பாவுல வந்துச்சு?”

“மாறி வந்திருக்கும்.”

“பஞ்சு சுத்தீட்டா மாறி வந்துச்சு?”

அந்தக் காசு யாருடையது என்று இருவருக்கும் தெரியும். ராயப்பனுடையது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ராயப்பனும் நாச்சிமுத்துவும் கோடைக்குக் கோடை, தண்ணீர் வற்றிய அமராவதியில் இறங்கி ஒரே சல்லடையில் மணல் சலித்தவர்கள். கிடைத்த பழங்காசைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்வார்கள். நாச்சிமுத்துவுக்குப் பட்டறை பெரிதாகி, ஆற்றில் இறங்க நேரமில்லாமல் போனது. ராயப்பன் தனியாகச் சலித்தார். ஒருநாள் இந்த யானைக்காசு கிடைத்ததும், நண்பனுக்குத்தான் இதன்மேல் ஆசை என்று மாதக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பதிலுக்கு நாச்சிமுத்துவிடமிருந்து ஒரு நாயக்கர் காசு. இதுதான் பேச்சு.

ராயப்பன் மனைவிக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாச்சிமுத்து அண்ணனுக்குக் கொடுக்கிற பொருள் அழுக்காகவா இருப்பது என்று முதல்நாளே அதைப் புளி போட்டுப் பளிச்சென்று தேய்த்து வைத்துவிட்டார். ராயப்பனும் மனைவியைக் கடிந்துகொள்ள மனமில்லாமல் அப்படியே கொண்டுவந்தார். நாச்சிமுத்து அந்தப் பளபளப்பைப் பார்த்தார். நிறுக்கவில்லை, திருப்பியும் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். “எந்தப் பட்டறையில வார்த்தே ராயப்பா? இந்தப் போலிக்கு என் நாயக்கர் காசு கேக்குதா?”

கூட்டமும் சிரித்தது. ராயப்பன் மட்டும் சிரிக்கவில்லை. காசை மேசையிலேயே விட்டுவிட்டு, கொடுப்பதாகச் சொன்ன நாயக்கர் காசையும் வாங்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

“கொஞ்ச நாள் கழிச்சு இதை எங்கிட்டக் கொண்டாந்தீங்க” என்றார் டீச்சர். “யாருதுன்னு சொல்லல. நானும் கேக்கல. நிறுத்துப் பாத்து நெசக் காசு, கழுவீட்டாங்கன்னேன். நீங்க மூஞ்சி வெளுத்துப்போய் எந்திரிச்சுப் போனீங்க.”

நாச்சிமுத்து காலணாவை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

டீச்சர் யானைக்காசைப் பேசினுக்கு மேலே பிடித்தார். “போட்டுரட்டுங்களா?”

“போடுங்க.”

“இதுக்குப் புளி புதுசில்லீங்ண்ணா. இனி உரியறதுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்பப் பெங்களூருக்குப் போகட்டும். எங்கியோ போகட்டும். என் கண்ணுல படாம இருந்தாப் போதும்.” நாச்சிமுத்துவுக்குக் கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு குரல் வந்தது. “பீரோவைத் தெறந்தா இதுதானுங்க தெரியுது. எத்தனை பெட்டிக்கு அடியில வெச்சாலும் இதுதான் தெரியுது. சேரர் வரிசையில வெச்சா பக்கத்துல இருக்கற ஒண்ணையும் பாக்க முடியல. தனியா இதை மட்டும் விக்கப் போனா, ராயப்பன் காசை வித்துட்டான்னு ஊரே பேசும்.”

“அதுக்குத்தான் ஒரு டப்பாவை வெளிய அனுப்ப இத்தனை பெட்டியைத் தொணைக்கு அனுப்பறீங்களாக்கும்.”

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்கே தோன்றியது. முடிவெடுத்த நாளிலிருந்து தன்னிடமே சொல்லிக்கொள்ளாத ஒன்றை இன்னொருத்தர் வாயால் கேட்பது, பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

மறுபடியும் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது தானே அடித்து ஓய்ந்தது.

“கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்குதில்லீங்களா?” என்றார் டீச்சர். “மாத்திக்கிட்ட காசை விக்கறதுன்னா?”

“மொதல்ல குடுத்தவங்ககிட்டக் கேக்கணும். அவுங்க வேண்டாம்னாத்தான் அடுத்தவங்களுக்கு.”

“கேட்டீங்களா?”

“இதை எப்படிங்க கேக்கறது? இது மாத்திக்கிட்டதுகூட இல்லீங்களே. அவன் குடுத்தான், நான் ஒண்ணும் குடுக்கல.”

சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. பிறகு பக்கத்திலிருந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் காசைப் பஞ்சில் சுற்றி அவர் கையில் வைத்தார். பிறகு குடத்தை மடிமேல் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

“ராயப்பன் ஊட்டுக்குப் போகச் சொல்றீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் எதை விக்கறதுன்னு கேட்டீங்க.”

“போய் என்னன்னு சொல்றது?”

“கூட்டத்துல என்ன சொன்னீங்களோ, அது தப்புன்னு.”

“காசைத் திருப்பி வாங்கிக்கிட்டான்னா?”

“அவரு காசு அவருகிட்டப் போயிரும்.”

நாச்சிமுத்து பஞ்சுப் பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார்.

“அவன் என் மூஞ்சியில விட்டெறிஞ்சான்னா?”

டீச்சர் தலை நிமிராமல் சொன்னார்.

“குனிஞ்சு பொறுக்கீட்டு வாங்க. அப்புறந்தான் அது உங்க காசு. வெச்சுக்கறதா விக்கறதான்னு அப்ப எங்கிட்டக் கேளுங்க.”