எல்லோருக்கும் புதன்கிழமை

தாமரைப்பாடி சு. பொன்னம்பலவாணன் என்னும் பெயருடையவனும், அகவை எழுபத்து மூன்று நிறைந்து எழுபத்து நான்கில் அடியெடுத்து வைத்தவனும், மூன்றாம் வகுப்போடு பள்ளி வாயிலை நீங்கிப் பின் தானே கற்றுத் தேறியவனுமாகிய யான், பெருமக்கள் திருமுன் வைக்கும் கதை இது.

முன்னொரு காலத்தில் முத்தலை நாட்டைச் செம்பொன்மாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆயினும் காலையில் இட்ட ஆணையை மாலையில் மறப்பான், மறந்த பழியை மறுநாள் வேறொருவர் தலையில் ஏற்றுவான். முந்தைய ஆண்டு ஐப்பசி மழையில் கடல் பொங்கி, அரண்மனை அடுக்களை வரை வந்துபோயிற்று. ஆகவே அடுத்த மழைக்குள் துறைமுகத்தில் மதில் எழுப்ப அவன் உறுதி பூண்டான்.

மதிலுக்குச் செங்கல் வேண்டும். செங்கல்லுக்குச் சூளை வேண்டும். பதினைந்து நாள் இரவும் பகலும் தீ ஒரே சீராக எரிய வேண்டும். இடையில் தணிந்தால் அத்தனை கல்லும் அரைவேக்காடாகிவிடும். அச்சூளையை நடத்தும் பொறுப்பைப் பூவாயி என்னும் குயவர்குலப் பெண்மணி ஏற்றிருந்தாள். அவளிடம் மூன்று குழுவினர் வேலை செய்தனர். அரபு நாட்டவருக்குத் தலைவன் யாசீன். வெள்ளிக்கிழமை அவர்களுக்குத் தொழுகை நாள். மலையாளக் கரைக் கிறித்தவருக்குத் தலைவன் ஔசேப்பு, அவர்களுக்கு ஞாயிறு. உள்ளூராருக்கு மாசிலான், அவர்கள் அமாவாசையன்று வேலைக்கு வாரார்.

அவையில் விருதராயர் என்றொருவர் இருந்தார். சூளைப் பொறுப்பு தம் மைத்துனனுக்குக் கிடைக்காத எரிச்சல் அவருக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எழுந்தார்.

"மன்னா, சூளையில் நடப்பது வேலையா, திருவிழாவா? வெள்ளியன்று போனால் ஒரு கூட்டத்தைக் காணோம். ஞாயிறு போனால் இன்னொரு கூட்டத்தைக் காணோம். அமாவாசையன்று நம் ஆட்களே மட்டம்! மூன்று வகைச் சோறு, மூன்று வகைக் கூச்சல். ஒரு நாட்டில் ஒரே முறைதானே இருக்க வேண்டும்?"

'ஒரே முறை' என்றது அரசன் காதில் தேனாய் இனித்தது. பூவாயி செம்மண் படிந்த கையோடு வந்து நின்றாள்.

"ஏனம்மா, உன் ஆட்களுக்கு ஆளுக்கொரு விடுமுறையாமே?"

"ஆம் மகாராஜா. அவரவரைக் கேட்டு நான்தான் கொடுத்தேன்."

"இனி அனைவருக்கும் ஒரே நாள். எந்த நாள், விருதராயரே?"

"யாருக்கும் சாதகமில்லாத நாளாக இருக்கட்டும் மன்னா. புதன்!"

"நன்று! மற்ற நாளில் வராதவனுக்கு வேலை போகும். புதனன்று சூளையில் விறகைத் தொடுபவனுக்கும் வேலை போகும்."

தொழுகைக்கு விடாவிட்டால் தன் ஆட்களோடு கப்பலேறிவிடுவதாக யாசீன் முன்பே பூவாயியிடம் சொல்லியிருந்தான், ஔசேப்பும் அவ்வாறே. வெள்ளிக்கு இடையில் இரண்டே நாள். அவர்கள் போனால் சூளை போயிற்று, மதிலும் போயிற்று. அவள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தாள்.

"ஆணை தலைமேல், மகாராஜா. ஓர் ஐயம் மட்டும். நாளை புதன். ஆட்களுக்கு விடுமுறை. தீக்கும் விடுமுறை உண்டோ?"

அரசன் விருதராயரைப் பார்த்தான். விருதராயர் மீசையை முறுக்கினார். "விறகு எறிவது பெரிய வித்தையோ? நானும் என் மைத்துனனும் போதும்!"

"அதையும் ஓலையில் எழுதிவிடச் சொல்லுங்கள் மகாராஜா," என்றாள் பூவாயி பணிவாக.

புதன் விடிந்தது. மூன்று குழுவினரும் புன்னை மரத்தடியில் செய்வதறியாது அமர்ந்திருந்தனர்.

"என்னப்பா செய்கிறோம்?" என்றான் ஔசேப்பு.

"ஓய்வெடுக்கிறோமாம்," என்றான் மாசிலான்.

"நாளை மறுநாள் தொழ விடமாட்டார்கள். இன்று படுத்துப் புரண்டு என்ன பயன்?" என்றான் யாசீன். அவன் பக்கத்தில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"என் வீட்டுக்காரி, 'பூசையுமில்லை, நோன்புமில்லை, உமக்கு வீட்டில் என்ன வேலை' என்று விரட்டிவிட்டாள்!" என்றான் மாசிலான்.

சூளையிலோ விருதராயர் பட்டுடுத்தி, விசிறி வீச ஆள் வைத்து வந்திருந்தார். முதல் நாழிகையில் சிரித்தார். மூன்றாம் நாழிகையில் வலப்பக்க மீசை பொசுங்கிற்று. மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் திரும்பவேயில்லை. நண்பகலில் அரசன் வந்தபோது மஞ்சளாய் நின்ற தீ சிவந்து குறுகியிருந்தது.

"தீ ஏன் சிவக்கிறது, விருதராயரே?"

"தங்களைக் கண்ட நாணம், மன்னா."

அரசனுக்கு அடுக்களையில் அலையடித்த கடல் நினைவு வந்தது. உத்தரீயத்தை வீசியெறிந்து தானே விறகைத் தூக்கினான். பத்துக் கட்டைக்குள் மூச்சு வாங்கிற்று.

"பூவாயி! உன் ஆட்களைக் கூப்பிடு!"

"விறகைத் தொட்டால் வேலை போய்விடுமே, மகாராஜா."

"நான் சொல்கிறேன், கூப்பிடு!"

"நேற்றும் தாங்கள்தானே சொன்னீர்கள்."

அரசன் புகையில் இருமினான். "சரி, புதன் ஆணை ரத்து!"

"புதன் மட்டுமா? வெள்ளியும் ஞாயிறும் அமாவாசையும்?"

"எல்லாம் ரத்து, அம்மா! பழையபடியே! தீயைப் பார்!"

அவள் கைகாட்டினாள். மூன்று குழுவும் ஓடிவந்தன. இரண்டு நாழிகையில் தீ மீண்டும் மஞ்சளாயிற்று. அரசன் மண்ணிலேயே அமர்ந்து மோர் குடித்தான்.

"வெள்ளியன்று யாசீன் போனால் அவர் அடுப்பு வாயை ஔசேப்பு பார்ப்பார், மகாராஜா. ஞாயிறன்று ஔசேப்பின் அடுப்பு வாயை மாசிலான் பார்ப்பார். அமாவாசையன்று இவ்விருவரும் எல்லாம் பார்ப்பார்கள். மூவரும் ஒரே மாதிரி இருந்தால்தான் என் சூளை அணையும்."

"இருந்தாலும் மூன்று வகைச் சோறு..." என்று முனகினார் விருதராயர்.

"உம் வீட்டில் உமக்கு மட்டும் தனியே நெய்ச்சோறு வேகிறதே, அதை எவர் கேட்டார்?" என்றான் அரசன். மாசிலான் வாய்விட்டுச் சிரித்தான்.

மறுநாள் அவை சூளையருகிலேயே கூடிற்று. அரசன் தன் கைக்கடகத்தைக் கழற்றிப் பூவாயிக்கு அளித்து, வேலையாட்களைப் பற்றிய ஆணை எதுவும் அவளைக் கேளாமல் பிறக்கலாகாது என்று விதித்தான். விருதராயருக்கும் ஒரு பணி கிடைத்தது: சூளை ஆறும் வரை ஆட்களுக்கு மோர் வழங்க வேண்டும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தே வழங்க வேண்டும். யாசீன் மூட்டையை அவிழ்த்தான். இவ்வண்ணம் வழக்குத் தீர்ந்து ஓலையில் ஏறியது துந்துபி ஆண்டு, புரட்டாசித் திங்கள் பத்தாம் நாள், வியாழக்கிழமை முற்பகல். எவருக்கும் விடுமுறையில்லாத நாளாகையால், எல்லோரும் இருந்தார்கள்.