விலகும் காரணம்

டெல்லியில் சட்டம் மாறிய சேதி வந்ததிலிருந்து தலைமையாசிரியர் சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்புவரை யாரையும் பெயிலாக்காதே என்று நேற்றுவரை சொன்னவர்கள், இனிமேல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்தால் பள்ளியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களாம். முப்பது வருஷமாக அவர் முதுகொடிய வளர்த்த பள்ளி. சடையப்பன் நல்லவர்தான், ஆனால் பயந்த நல்லவர். அந்த ரகத்திடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

மலையடிவாரத்து மடத்துக்கு, நீலாயி அம்மையைப் பார்க்கப் போனார். அவரைவிடப் பத்து வயது இளையவர் அம்மை. ஆனாலும் பன்னிரண்டு வருஷமாகச் சடையப்பனுக்கு அவர்தான் குரு.

"தப்பில்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

பையிலிருந்து டி.சி. புத்தகத்தை எடுத்து வைத்தார். ஒன்பதாம் வகுப்பில் படிப்பு ஏறாத ஏழு பேருக்கு எழுதி முடித்தாயிற்று. கையெழுத்துதான் பாக்கி.

"இவங்க பத்தாவதுக்கு வந்தா தேர்ச்சி விழுந்துடும். பள்ளிக்கூடமே போயிடும். மத்த இருநூறு பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அம்மை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"விலகும் காரணம், ஏழுலயும் 'பெற்றோர் விருப்பம்'னு இருக்கே. விரும்பினாங்களா?"

"அப்படி எழுதறதுதாம்மா வழக்கம்."

"நடத்தை?"

"எல்லாருக்கும் 'நன்று'தான். அதுல யாருக்கும் நான் குறை வைக்கிறதில்ல." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மை அவரிடமே பேனாவை வாங்கி எட்டாவது தாளில் எழுதத் தொடங்கினார். சடையப்பன் எட்டிப் பார்த்தார். பெயர், சடையப்பன். இருந்த காலம், பன்னிரண்டு வருஷம். நடத்தை, நன்று. விலகும் காரணம், சொந்த விருப்பம்.

அவர் அதை இன்னொருதரம் படித்தார்.

"என்னம்மா இது?"

"மடத்துல உங்களையும் சேத்து ஒன்பது பேரு. எட்டுப் பேரு தேறிடுவாங்க. நீங்க இத்தனை வருஷமா பயத்தையே விடல. உங்களால மடத்துக்குக் கெட்ட பேரு."

"நான் போறேன்னு சொல்லவே இல்லியே."

"அப்படி எழுதறதுதானே வழக்கம்."

கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து நீட்டினார். விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்று சடையப்பன் அந்த முகத்தில் ஒரு சிரிப்பைத் தேடினார். சிரிப்பு இல்லை. தாளை வாங்க அவர் கை நீளவில்லை.

"இந்த வயசுல அனுப்பிட்டா நான் எங்கம்மா போவேன்?"

"அந்த ஏழு பேருக்கும் ஒரு இடம் சொல்லியிருப்பீங்கல்ல, வாத்தியாரே. அங்கேயே போங்க."