பேக்கேஜ் முடிகிற நாளில் ஏழு வகைச் சோறு

போடிநாயக்கனூரில் பெருமாள்சாமி, அழகர்சாமி, கருப்பசாமி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேரையும் கூட்டினால் ஒரு ஆள் புத்தி வரும் என்று ஊரில் சொல்வார்கள். மூத்தவர் பெருமாள்சாமிக்கு வாக்கப்பட்ட வனரோஜா இத்தனை வருஷமாகக் கூட்டிப் பார்க்கிறாள், வரவில்லை.

அவர்கள் கார் வாங்கியபோது ஷோரூம்காரர், "மூணு வருஷப் பராமரிப்பு பேக்கேஜ் எடுத்துக்கங்க. எது ரிப்பேர் ஆனாலும் எங்க பொறுப்பு" என்றார். எடுத்தார்கள். அப்புறம், ஓட்டினால் தேயும் என்று வண்டியை ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்தார்கள். ஒன்றும் ரிப்பேர் ஆகவில்லை. எப்படி ஆகும்?

பேக்கேஜின் கடைசி நாளும், திண்டுக்கல்லில் மகள் தாமரைக்கு வளைகாப்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தாய்வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு போக வேண்டும். "உங்களுக்கெதுக்குங்க சிரமம்? நாங்க ஓட்டல்லயே சொல்லிக்கிறோம்" என்று சம்பந்தியம்மா போனிலேயே குத்தியிருந்தாள். அந்த வாயை அடைக்கத்தான் வனரோஜா புளியோதரையிலிருந்து தயிர்ச்சோறு வரை ஒரே ஆளாகக் கிளறி, தூக்குகளை வாழையிலையால் மூடிப் பின்சீட்டில் ஏற்றினாள்.

மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்த முன்சீட்டில் ஆலோசனை நடந்துகொண்டிருந்தது.

"ஒரு ஸ்க்ரூ கூடக் கழலலையேடா. ஏமாத்திட்டான்," என்றார் பெருமாள்சாமி.

"நல்ல வண்டியா பாத்து நம்ம தலையில கட்டிட்டான்ண்ணே," என்றான் அழகர்சாமி.

"இன்னும் ஒரு பகல் இருக்கு. தேச்சிருவோம்," என்றான் கருப்பசாமி.

"என்னங்க, நல்ல நேரம் முடியறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."

"நீ உக்காரு. போற வழியில தேயட்டுமேன்னுதான்."

பெருமாள்சாமி ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தார். கொளுத்துகிற வெயிலில் வைப்பர் கிறீச்சிட்டது. ஹெட்லைட் எரிந்தது. கருப்பசாமி கண்ணாடியை ஏற்றி இறக்கினான். ஹாரனில் வைத்த கையை அழகர்சாமி எடுக்கவே இல்லை. யாருக்கோ ரொம்ப முடியவில்லை போலும் என்று வழிவிட்ட ஜனங்கள், உள்ளே எட்டிப் பார்த்து, ஆமாம் முடியவில்லைதான் என்று தலையாட்டிக்கொண்டார்கள். இளநீர்த் தள்ளுவண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது.

தேனி எல்லையில் சக்கரத்திலிருந்து புகை வந்தது.

"அண்ணே, புகை!"

"கும்பிட்டுக்கடா!"

நேரே ஷோரூமுக்கு விட்டார்கள். ஷோரூம்காரர் குனிந்து பார்த்தார். "பிரேக் கட்டை தேஞ்சிருக்கு. தேய்மானம் பேக்கேஜ்ல வராதுங்க."

"வைப்பர்?"

"அதுவும் தேய்மானம்தான்."

"அப்ப என்னதாங்க வரும்?"

"ஒரு வாட்டர் வாஷ் பாக்கி இருக்கு. பிரேக் ஆறுற வரைக்கும் வேணா அடிச்சுத் தரச் சொல்றேன்."

கொஞ்சம் தாமதமாகும் என்று மகளுக்குச் சொல்ல வனரோஜா போனோடு இறங்கினாள். மற்ற மூவரும் இறங்கவில்லை. பேக்கேஜ் அவர்கள் பேரில் அல்லவா இருக்கிறது? வண்டியை நுரை மூடியது. அந்த நுரைக்குள் நான்கு கண்ணாடிகளும் மெல்ல இறங்குவதை வனரோஜா பார்த்தாள்.

"ஐயோ, கண்ணாடியை ஏத்துங்க! பின்னால சோறு!"

மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் பெருமாள்சாமியின் குரல் கேட்டது: "வெளிய மட்டும் கழுவினா பாதிக் காசுதான் தேறும். தம்பி, பைப்பை இப்படி உள்ள விடுப்பா!"

நல்ல நேரம் தப்பவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். மூன்று பேரும் சொட்டச் சொட்டத் தூக்குகளைச் சுமந்து பந்தலுக்குள் வந்தார்கள். அந்தப் பந்தலிலேயே சுத்தமானவர்கள் அவர்கள்தான். சம்பந்தியம்மா முதல் தூக்கின் இலையை விலக்கினாள். தயிர்ச்சோறு நுரைத்து எழுந்து விளிம்பில் வழிந்தது.

"இது என்ன சோறு சம்பந்தி?"

வனரோஜா அவசரமாக இலையை இழுத்து மூடினாள். கருப்பசாமிதான் முன்னால் வந்து, ஈரக் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகச் சொன்னான்:

"பயப்படாமச் சாப்பிடுங்க சம்பந்தியம்மா. வயித்துக்கு ஏதாச்சும் ஆனா ஷோரூம்ல காட்டிக்கலாம், இன்னைக்கு முழுக்க பேக்கேஜ் இருக்கு. ஆனா மெதுவா மெல்லுங்க. பல்லு தேஞ்சா மட்டும் அதுல வராது."